ஆறு கூடு, ஒத்த அணில்

இதை எழுதாம விட்டுறலாம்னுதான் இருந்தேன். நான் கடைசியா எழுதுன கட்டுரை ஒம்பதாப்புல, பசுவைப் பத்தி. பசு ரொம்ப சாது, அதனால அதை யாரு வேணாலும் ஏமாத்தலாம்னு எழுதி, வாத்தியார் கையால ரெண்டு கன்னத்துலயும் வாங்கினேன். அதோட எனக்கும் பேனாவுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. வாய்ஸ் மெசேஜ் இருக்க காலத்துல எவன் உக்காந்து எழுதுவான்? ஆனா கோயமுத்தூர்ல இருக்க என் கூட்டாளி ஒரு வரி மெசேஜ் போட்டான். பதில் சொல்லலாம்னு போனை வாய்கிட்ட கொண்டு போனா பேச்சு வரல. தெருவுல போற ஆட்டை நிப்பாட்டி வம்பு இழுக்குற எனக்கு, பேச்சு வரல. அதான் மோட்டார் ரூம் வாசல்ல உக்காந்து எழுதிப் பாக்கேன். வருதான்னு பாப்போம்.

நான் மாந்தோப்புக் காவக்காரன். ராசபாளையத்துக்கு மேக்க, மலையடிவாரத்துல இருக்கு தோப்பு. மொதலாளி டவுனுக்குள்ள இருக்காரு. அவரு வீட்டுல பேசுறது தெலுங்கு, என்னைய வையும்போது மட்டும் சுத்தமான தமிழ். காய்ப்பைக் குத்தகைக்கு எடுக்குறது சீவில்லிபுத்தூர் பாய். அவியளை நான் மாமான்னு கூப்பிடுவேன். மெசேஜ் போட்டான்னேனே, அவன் இந்த மாமாவோட மவன்.

எனக்கு அப்பா இல்ல. கூடப்பொறந்தவ திருப்பூர்ல வாக்கப்பட்டிருக்கா. அவ பிள்ளைகளைப் பாக்கப் போன அம்மா அங்கனேயே தங்கிருச்சு. தேவதானத்துல இருக்க வீட்டைப் பூட்டிட்டு நான் இந்த மோட்டார் ரூமுக்கே குடி வந்துட்டேன். மோட்டார் ஓடுனா சத்தம் இருக்கும், யாரோ பக்கத்துல பேசிக்கிட்டு இருக்க மாதிரி. கரண்டு போனாத்தான் கஷ்டம்.

முந்தி நாங்க நாலு பேரு. மத்தியானம் ஆனா சப்பட்டை மாமரத்துக்கு அடியில சாக்கை விரிச்சு ரம்மி போடுவோம். ஒருத்தன் பனியன் கம்பெனிக்குப் போனான். ஒருத்தன் மெட்ராசுல பரோட்டா மாஸ்டர் ஆயிட்டான், இங்க அவனுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது. மிஞ்சுனது நானும் மாமா மவனும். ரெண்டு பேரு ஆடுனா ரம்மி நல்லாவா இருக்கும்? பொறவு அவனும் கோயமுத்தூர்ல ஒரு செல்போன் கடைக்குப் போயிட்டான். போகும்போது சீட்டுக்கட்டை என் கையில குடுத்துட்டுப் போனான். நான் ரெண்டு கைக்கும் போட்டு நானே ஆடுவேன். எடது கைப் பய சீட்டை எட்டிப் பாப்பான். அப்படியும் அவன்தான் தோப்பான்.

இப்ப அணிலுக்கு வாரேன்.

எங்க தோப்புல ஒரு வழக்கம் உண்டு. தை மாசம் மாமரம் பூத்த பொறவு குத்தகை பேசுவாக. பேச்சு ஆரம்பிக்கும் முன்ன மொதலாளி, மாமா, நான் மூணு பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே தோப்பைச் சுத்தி வருவோம். வெளியாள் பாத்தா ஏரோப்ளேன் வருதுன்னு நெனப்பான். நாங்க எண்ணுறது மலை அணில் கூட்டை. மலை அணில்னா வீட்டுச் சுவத்துல ஓடுமே, முதுகுல கோடு போட்டது, அது இல்ல. பூனைத் தண்டி இருக்கும். ஒடம்பை விட வாலு நீளம். முதுகு பூரா சாம்பலைப் பூசுன மாதிரி. இதுக்குன்னே சீவில்லிபுத்தூர் மலையில சரணாலயம் போட்டிருக்காக. கைய வச்சா ஜெயிலு. தொரத்தவும் கூடாது, காயைத் திங்காதன்னு சொல்லவும் ஏலாது. அதனால எப்பமோ ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்காக. ஒரு கூட்டுக்கு ஒரு மரத்துக் காய் அணிலுக்குப் போச்சு, மிச்ச மரத்துக்குத்தான் குத்தகை.

போன வருசம் தையில ஆறு கூடு இருந்துச்சு. மாமா ஏழுன்னாக. மொதலாளி, அது காக்காக் கூடுன்னாரு. தீர்ப்பு சொல்ல என்னைய மரத்துல ஏத்தி விட்டாக. காக்கா என் மண்டையில கொத்தித் தீர்ப்பு சொல்லிருச்சு. ஆறுன்னு முடிஞ்சுது.

ஆறு கூடுன்னா ஆறு குடும்பம். மாமாவுக்கும் மொதலாளிக்கும் அதுல சந்தேகம் இல்ல, எனக்கும் இல்ல. நான் ஒவ்வொரு கூட்டுக்கும் ஆள் வச்சிட்டேன். கிணத்து மேட்டுல இருக்கது நாட்டாமை. எந்நேரமும் கெளையில வயித்தை ஒட்டிப் படுத்து, நாலு காலையும் தொங்கப் போட்டுக் கெடப்பாரு. மேக்க கடைசி மரத்துல இருக்கது சண்டைக்காரி. விடிஞ்சதும் மலையைப் பாத்து டர்ர்ருன்னு ஓட்டை டிரம்மை உருட்டுன மாதிரி கத்துவா. புருசன் ஓடிப் போயிட்டான், அவனை வையுதான்னு கதை கட்டினேன். இன்னொன்னு மாப்பிள்ளை. அவன் அப்பப்ப மேக்க கடைசி மரத்துல பாதித் தூரம் எறங்கி வந்து ரோட்டைப் பாத்துட்டுத் திரும்ப ஏறிருவான். மாமியார் வீட்டுல கோவிச்சுக்கிட்டு பஸ்சுக்குப் பாக்கான்னு வச்சுக்கிட்டேன். சாயங்காலம் கூட்டாளிக்குப் போன் போட்டா இதுக கதைதான். இன்னைக்கு சண்டைக்காரி என்னடா பண்ணுனான்னு அவனே கேப்பான். கடையில கூட்டம் வந்தா மட்டும் வச்சுருவான். கூட்டம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

காய் முத்துற நேரத்துல ஆராய்ச்சி பண்ணுற ஒரு அக்கா வந்துச்சு. மொபெட்டு, தொப்பி, முதுகுல பை. சீவில்லிபுத்தூர்ல ரூம் எடுத்து, அங்கேருந்து தெனம் ஒவ்வொரு தோப்பா, மலைக்குள்ள ஒவ்வொரு ஓடையா போகுதாம். மலை அணில் முடி வேணும், மரம் ஏற ஆள் வேணும்னுச்சு. என் தலை முடியே நல்லா இருக்கும், தரவான்னேன். அதுல பேன்தான் இருக்கும், பேன் ஆராய்ச்சிக்கு வேற ஆள் இருக்குன்னு சொல்லுச்சு. எனக்குச் சரியான ஆள்தான்னு அப்பமே தோணுச்சு.

வேலை இதுதான். அணில் போற கெளையில ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பைச் சுத்தி வைக்கணும். அணில் உரசிட்டுப் போனா நாலு முடி ஒட்டும். அதைச் சாமி விபூதி மாதிரி பத்திரமா காயிதக் கவருல போட்டு, எந்தக் கூட்டுப் பக்கம் எடுத்ததுன்னு அக்கா குறிச்சுக்கிடும். ஆறு கூட்டுக்கிட்டயும் எடுத்தோம். மொத நாளு எனக்குக் கெடைச்சது எறும்பும், என் சட்டைக் கை நூலும்தான்.

எதுக்கு இந்த முடின்னு கேட்டேன். வெயிலு கூடுது, மழை தப்புது, காடு தோப்பாவுது, தோப்பு பிளாட்டாவுது. இதுக்கு ஈடுகுடுத்து இந்த அணிலுக வம்சமே உள்ளுக்குள்ள மாறுதா, மாற முடியுமான்னு பாக்கணும்னு சொல்லுச்சு.

அதெல்லாம் எப்பமோ மாறியாச்சுக்கான்னேன். எங்க ஊருக் குரங்கு தண்ணி பாட்டில் மூடியத் திருகுது. வலமா எடமான்னு அதுக்குத் தெரியுது, எனக்கே சமயத்துல தெரியாது.

"அது கத்துக்கிட்டது. நீ மரம் ஏறக் கத்துக்கிட்ட மாதிரி. உன் பிள்ளை பொறக்கும்போதே மரம் ஏறுமா?"

"மொதல்ல எவ எனக்குப் பொண்ணு தாரா?"

அக்கா சிரிக்கல. டேப்பைப் பல்லுல கடிச்சுக்கிட்டே சொல்லுச்சு, நான் தேடுறது பொறக்கும்போதே ஒடம்புக்குள்ள வர்ற சேதின்னு.

நான் விடல. பன்னியைச் சொன்னேன். எங்க பக்கம் காட்டுப்பன்னி முந்தி பொழுது சாயும்போதே எறங்கும். வெடியப் போட்டு, தகரத்தைத் தட்டி, நாயை விட்டு, எத்தனையோ பன்னி செத்துப் போச்சு. இப்ப வாரதெல்லாம் ஊரு அடங்குன பொறவுதான் வருது. பயந்தாங்கொள்ளிப் பன்னிக தப்பிச்சு, அதுக குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் பயந்தாங்கொள்ளியாவே பொறந்திருக்குமான்னு கேட்டேன். சும்மா வம்புக்குத்தான் கேட்டேன். அக்கா டேப்பை விட்டுட்டு என்னைத் திரும்பிப் பாத்துச்சு. இருக்கலாம்னுச்சு. இல்ல, ஆத்தாப் பன்னி பின்னாலயே போயி நேரம் காலம் கத்துக்கிட்டதாவும் இருக்கலாம். வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். பிரிச்சுப் பாக்கணும்னா உள்ள போயிப் பாக்கணும், அதுக்குத்தான் முடி.

அப்ப ஒரு பன்னியும் மாறல. வேற மாதிரி பொறந்தது தப்பிச்சுக்கிடுது, அம்புட்டுத்தானான்னேன். அம்புட்டுத்தான்னுச்சு. ஆனா அதுக்குக் கூட்டத்துல பல மாதிரி பொறந்திருக்கணும், ஒண்ணோட ஒண்ணு சேந்து கலந்துக்கிட்டே இருக்கணும். நாளைக்கு என்ன கஷ்டம் வரும்னு யாருக்கும் தெரியாதுல்ல.

எனக்குச் சீட்டுக்கட்டுதான் ஞாபகம் வந்துச்சு. கட்டு முழுசா இருந்து, கலைச்சுப் போட்டுக்கிட்டே இருந்தா, எந்த ஆட்டம் வந்தாலும் எவன் கையிலயாவது அதுக்கு ஒரு சீட்டு இருக்கும். நாலு சீட்டை மட்டும் வச்சுக்கிட்டு ஆடுனா, அதே நாலுதான் திரும்பத் திரும்ப வரும். அதைச் சொன்னேன். பரவாயில்லையே, நீ ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன்னு அக்கா கேட்டுச்சு. பள்ளிக்கூடம்தான் என்னைய விட்டுச்சுன்னேன்.

கெளம்பும்போது ஒண்ணு கேட்டுச்சு. "ரெண்டு அணிலை ஒரே நேரத்துல பாத்திருக்கியா?"

பாத்ததில்லதான். "பங்காளிச் சண்டைக்கா. ஒருத்தன் இருக்க எடத்துக்கு இன்னொருத்தன் வர மாட்டான்." அக்கா மொபெட்டை மிதிச்சுருச்சு.

காய் எறக்கியாச்சு. லாரி போயிருச்சு. அதுக்குப் பொறவு தோப்புல ஒரு வேலையும் கெடையாது, ஆளும் கெடையாது. சாரல் அடிச்சுது, நின்னுச்சு, ஐப்பசி மழை பேஞ்சுது. முடி எங்கயோ தூரத்து ஊரு லேபுக்குப் போயிருந்துச்சு. கூட்டாளி தெனம் பேசுனவன் வாரத்துக்கு ஒருக்கன்னு ஆனான். அவன் மேல தப்பு இல்ல, நின்னுக்கிட்டே வேலை பாக்குற பய, ரூமுக்கு வந்தா கட்டையச் சாச்சுருவான். நான் சண்டைக்காரிகிட்ட பேசுனேன். உன் புருசன் வர மாட்டாண்டி, சும்மா கெடன்னு கீழ இருந்து கத்துவேன். அவ மேல இருந்து டர்ர்ருங்கா. வாயாடினா அவதான்.

கார்த்திகையில அக்கா போன் பண்ணுச்சு. நான் மோட்டாரை நிப்பாட்டிட்டு எடுத்தேன். மலைக்குள்ள எடுத்த முடியில ஆள் ஆளுக்கு வேற வேறன்னு வந்திருக்காம். பொறவு எங்க தோப்புல எடுத்ததைச் சொல்லுச்சு.

"ஆறு கூட்டுலயும் ஒரே அணிலுதான்ப்பா. ஆண்."

எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. ஆறு வீடு வச்சிருக்கானாக்கா, ராசபாளையத்துல பெரிய பணக்காரன் அவன்தான்னேன். அக்கா வெளக்கமா சொல்லுச்சு. மலை அணில் ஒண்ணே அஞ்சாறு கூடு கட்டுமாம். ஒண்ணுல படுக்கும், ஒண்ணு ஆபத்துக்கு ஓடி ஒளிய, ஒண்ணு சும்மா. கூட்டை எண்ணி ஆளை எண்ணக் கூடாது. அதை நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாம்னேன். எனக்குச் சந்தேகம்தான், உறுதியா தெரியாம எப்படிச் சொல்லன்னுச்சு. தெரிஞ்சிருந்தா நீ ஏறாம இருந்திருப்பன்னும் சொல்லுச்சு, அதுவும் நெசந்தான்.

போனை வச்சுட்டு வெளியில வந்து அண்ணாந்து பாத்தேன். நாட்டாமை கெளையில வயித்தை ஒட்டிக் கெடந்தாரு. நாட்டாமை இல்ல. சண்டைக்காரியும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. வெயிலுக்கு நாட்டாமையாப் படுத்தவனும், விடிஞ்சா மேக்க போயி மலையைப் பாத்துக் கத்துனவனும் ஒரே பய. அவ புருசனை வையுதான்னு நான் சிரிச்ச சத்தம், யாராவது இருக்கீங்களான்னு கேட்ட சத்தம். கடைசி மரத்துல பாதி எறங்கி ரோட்டைப் பாத்துட்டுத் திரும்புனவனும் அவன்தான். பஸ்சுக்குப் பாக்கல. அந்தப் பக்கம் போகப் பாத்திருக்கான்.

அந்த ரோட்டைச் சொல்லணும். முந்தி அது வண்டிப் பாதை. ரெண்டு பக்கமும் புளிய மரம், ஓடை வரைக்கும் கெளையும் கெளையும் கோத்துக்கிட்டு நிக்கும். ஓடைக்கரையில மருத மரம், அங்கேருந்து நேரா மலை. லாரி வந்து போகணும்னு பாதையை அகலம் பண்ணுனப்ப புளிய மரம் எல்லாம் போச்சு. பக்கத்துக் காட்டுக்காரரு தென்னங்கன்னு வச்சாரு. அவருகிட்ட ஒரு வெள்ளை நாய் இருக்கு, எங்க ஊரு நாய், முயலையே ரெண்டு தாவுல பிடிக்கும். மலை அணிலு தரையில எறங்கவே யோசிக்கிற சாதி. மரம் இருந்தப்ப இந்தப் பக்கம் வந்தவன், மரம் போனதும் இங்கனேயே மாட்டிக்கிட்டான். எங்க தோப்பு அவனுக்குத் தீவு.

நாலு சீட்டுன்னு அக்காகிட்ட பெருமையா சொன்னேன்ல. இவன் கையில நாலு கூட இல்ல. இவன் ஒத்தச் சீட்டு. வெயிலுக்கு ஈடுகுடுக்குற ஒடம்பே இவனுக்கு இருந்தாலும், அதை வாங்கிக்கிட ஒரு குட்டி கெடையாது. தோப்புக்குள்ள மாம்பழம் தின்னு தின்னு வயசாகிச் செத்துப் போவான். அவன் கொண்டு வந்தது அவனோட முடிஞ்சுரும்.

இதை நான் கூட்டாளிகிட்ட சொல்லல. அந்த வாரம் அவன் போன் பண்ணி, சண்டைக்காரி எப்படி இருக்கான்னான். நல்லா இருக்கா, மழையில நனைஞ்சு சளி பிடிச்சிருக்குன்னேன்.

தையில மறுபடி கூடு எண்ண வந்தாக. நான் லேப் சமாச்சாரத்தைச் சொன்னேன். மொதலாளி மொகம் மலந்துருச்சு. அப்ப ஒரு மரம்தான் கழிவுன்னாரு. மாமா என்னை ஒரு பார்வை பாத்தாக. பொறவு மொதலாளிகிட்ட, ஒத்தை ஆளுன்னாலும் ஆறு வீட்டுக்கும் வரி கட்டத்தான செய்யணும்னாக. மொதலாளிக்கே சிரிப்பு வந்துருச்சு. பழைய கணக்கே இருக்கட்டும்னுட்டாரு. போகும்போது மாமா என் தோளைப் பிடிச்சு, "ஏலே, இன்னும் ஏதாவது கண்டுபிடிச்சா என்கிட்ட மொதல்ல சொல்லு"ன்னாக.

அக்கா கயித்துப் பாலம் யோசனையோட வந்துச்சு. எங்க தோப்பு மேக்க கடைசி மரத்துல இருந்து ஓடைக்கரை மருத மரத்துக்குக் கயிறு கட்டுனா, ரோட்டுக்கும் தென்னங்கன்னுக்கும் மேலயே போயிருவான். வனத்துறையில அனுமதி அக்காவே வாங்குச்சு. தடிக் கயிறு ரெண்டு, நடுவுல மூங்கில் குச்சி வச்சு, படுத்துக் கெடக்குற ஏணி மாதிரி நானே பின்னுனேன். அடியில லாரி போற ஒசரத்துக்குக் கட்டணும். இந்தக் கடைசியில நான் ஏறிருவேன். அந்தக் கடைசியில மருத மரம் வழுக்கும், அதுல ஏற இந்தச் சுத்து வட்டாரத்துல ஒரே ஒருத்தன்தான். அவன் கோயமுத்தூர்ல போன் உறை வித்துக்கிட்டு இருந்தான்.

நோன்புப் பெருநாளுக்கு வந்தான். பெருநாள் முடிஞ்ச மறுநாள் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தோப்புக்கு வந்துட்டான், தூக்குல பிரியாணியோட. தொப்பை லேசா வச்சிருந்துச்சு. ஏசியிலயே நின்னு மரம் ஏறுறத மறந்துட்டியாலேன்னேன். உன்னைய மாதிரி நானும் கொரங்கு வம்சம்தான், மறக்காதுன்னான். ஏறுனான். பாதியில மூச்சு வாங்கி நின்னு, கீழ பாக்காதன்னு என்னைப் பாத்தே சொன்னான், நான் என்னமோ மேல இருக்க மாதிரி. கட்டி முடிச்சு ரெண்டு பேரும் இழுத்துப் பாத்தோம். அவன் அந்தக் கரையில ஒரு இழு இழுத்தா என் கையில குலுங்குச்சு. நான் ஒரு இழு இழுத்தேன். வெளையாட்டா கொஞ்ச நேரம் அப்படியே இழுத்துக்கிட்டு இருந்தோம்.

பொறவு சப்பட்டை மரத்தடியில உக்காந்து தின்னோம். நீயும் வாடா மாப்ளன்னான். கடையில ஆள் கேக்காக, ரூம்ல இன்னொரு ஆள் படுக்க எடம் இருக்கு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல சீட்டுப் போடுற கூட்டமும் இருக்கு.

"நான் வந்துட்டா இதுகளை யாரு பாக்க?"

"எதுகளை?"

"அணிலுகளைத்தான்."

அவன் கையில இருந்த எலும்பைத் தட்டுல வச்சான். "மாப்ள, ஒண்ணுதான இருக்கு. அத்தா தையிலயே என்கிட்ட சொல்லிட்டாரு."

தையில இருந்து அவனுக்குத் தெரியும். அதுக்குப் பொறவும் வாரா வாரம் சண்டைக்காரி எப்படி இருக்கான்னு கேட்டிருக்கான். நானும் சளி பிடிச்சிருக்கு, கொழுந்தன் வந்தான், வளைகாப்பு வச்சோம்னு அளந்திருக்கேன். ஏண்டா சொல்லலன்னு கேக்க வாயெடுத்தேன், அதுக்குள்ள அவன் தண்ணிச் செம்பை நீட்டுனான். வாங்கிக் குடிச்சேன். மாசா மாசம் வளைகாப்பு வைக்கிற குடும்பத்தை நான் பாத்ததே இல்லலேன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம். மறுநாள் பஸ் ஏறிட்டான்.

கயித்துல மொத ஏறுனது குரங்கு. நாங்க ரெண்டு பேரும் வேர்வை சிந்திக் கட்டுனதுல குடும்பத்தோட வந்து ஊஞ்சல் ஆடுச்சு. அதுக்குப் பொறவு காக்கா. நம்ம ஆளு மட்டும் வரல. தெனம் விடிஞ்சதும் கடைசி மரத்துக்கு வருவான், கயித்தை மோந்து பாப்பான், முன்னங்காலு ரெண்டையும் அதுல வைப்பான், மலையைப் பாத்துக் கத்துவான், திரும்பிருவான். நான் கீழ நின்னு கேவலமா வைவேன். உனக்கு ஆறு வீடு எதுக்குலே, வாடகைக்கு விடப் போறியா? உனக்குன்னு ஒருத்தன் கோயமுத்தூர்ல இருந்து வந்து கட்டிட்டுப் போயிருக்கான், ஒரு மருவாதி வேண்டாமா? வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னையவே பாப்பான். திங்க காய் இருக்கு, படுக்க கூடு இருக்கு, பழகுன எடம், எவன் தொந்தரவும் இல்ல. எதுக்கு ஆடுற கயித்துல கால வைக்கணும்னு அவன் நெனச்சிருந்தா, அதுல தப்பு சொல்ல எனக்குத் தகுதி கெடையாது.

ஒருக்கா பாதி வரைக்கும் போனான். கீழ வெள்ளை நாய் கொலைச்சுது. திரும்பி வந்துட்டான். அன்னைக்கு நான் அவனை வையல.

ஆனி மாசம். காய் எறக்கி முடிச்சு லாரியும் போயாச்சு. மலையில மேகம் எறங்கிச் சாரல் காத்து வீசுச்சு. இந்தக் காத்துல எவனும் போக மாட்டான்னு நான் பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கேன். அவன் கடைசி மரத்துக்கு வந்தான். கத்தவே இல்ல. அந்தப் பக்கம் மருத மரத்துல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. டர்ர்ர். நான் காத்துன்னுதான் நெனச்சேன். மறுபடி வந்துச்சு. ஓட்டை டிரம்மு மாதிரி இருந்துச்சு, ஆனா நம்மாளோடது இல்ல, கொஞ்சம் கீச்சுன்னு. இவன் கயித்துல ஏறிட்டான். கயிறு ஆடுது, வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி நிதானம் பண்ணுதான். ரோட்டுக்கு மேல போயிட்டான். தென்னங்கன்னுக்கு மேல. நாய் கீழ துள்ளுது. நான் வாயில நுரையோட அதுக்குச் சரியா கீழ ஓடுதேன், எதுக்குன்னு எனக்கே தெரியாது, விழுந்தா பிடிக்கவா? அவன் விழல. மருத மர எலைக்குள்ள போனான், எலை ஆடுச்சு, அடுத்த மரத்து எலை ஆடுச்சு. பொறவு எல்லா எலையும் காத்துக்கு ஆடுச்சு. எது அவன்னு தெரியல.

அக்காவுக்குப் போன் போட்டேன். ஜோடி சேந்துருமாக்கான்னேன். அதைச் சொல்ல முடியாதுன்னுச்சு. குட்டி பொறக்கணும், அது பொழைக்கணும், அதுக்கும் பொறக்கணும், நாம ரெண்டு பேரும் கெழடு ஆனாலும் வம்சம் மாறுச்சான்னு முழுசா தெரியாது. பொறவு என் சீட்டுக் கணக்கையே எனக்குத் திருப்பிச் சொல்லுச்சு. "ஆனா உன் ஒத்தச் சீட்டு கட்டுக்குள்ள போயிருச்சு. இனிமே கலைக்கலாம்."

மறுநாள் வருவான்னு பாத்தேன். அவனுக்குப் பிடிச்ச கிளிமூக்கு மரத்துல நாலு காயைப் பறிக்காமலே விட்டிருந்தேன். பழுத்துக் கீழ விழுந்துச்சு. எறும்பு தின்னுச்சு. அதுக்கு மறுநாளும் வரல. கிணத்து மேட்டுக் கூட்டுல எலை காஞ்சு ஒண்ணொண்ணா உதிருது. அவன் இருந்தா பச்சைக் கொத்து ஒடிச்சு வந்து செருகிக்கிட்டே இருப்பான். விடிஞ்சா ஒரு சத்தமும் இல்ல. யாரை வையுறதுன்னு தெரியாம ஒரு நாள் காக்காய வஞ்சேன். அது திரும்பிக்கூடப் பாக்கல. சீட்டுக்கட்டை எடுத்து ரெண்டு கைக்கும் போட்டேன். எடது கைப் பய எட்டிப் பாக்கல. ஆட்டத்தைப் பாதியில நிப்பாட்டி கட்டை மறுபடி அட்டையில போட்டுட்டேன்.

கூட்டாளிக்கு மெசேஜ் போடலாம்னு உக்காந்தேன். சாரல், நாய், டர்ர்ர், வாலு, எல்லாத்தையும் டைப் பண்ணி, படிச்சுப் பாத்து, அழிச்சேன். கடைசில இம்புட்டுத்தான் அனுப்புனேன்: போயிட்டான் மாப்ள. ஆறு வீடும் காலி. தோப்புல இப்ப நான் ஒருத்தன்தான்.

கடையில கூட்ட நேரம், உடனே பாக்க மாட்டான்னு நெனச்சேன். உடனே பாத்துட்டான். டைப் பண்ணுதான்னு காட்டுச்சு, நின்னுச்சு, மறுபடி காட்டுச்சு. பொறவு வந்துச்சு:

"நாம கட்டுன கயிறு இன்னும் அங்கதானலே கெடக்கு, நீ எப்ப ஏறி வாரே?"